தில்லிப் பனிக்காலத் துகள்கள்: எக்ஸ்பிஎஸ்ஸில் குளோரைடு எங்கே போனது?

தாமிரபரணி (இழையைத் தொடங்கியவர்) · பிப்ரவரி 11, இரவு 10.40

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் ஆண்டு. ஊர் அம்பாசமுத்திரம், வேலை தில்லியில்.

டிசம்பரிலும் ஜனவரியிலும் மொட்டைமாடியில் சாம்ப்ளர் வைத்து, டெஃப்லான் ஃபில்டரில் பிஎம் 2.5 துகள்களை (2.5 மைக்ரானும் அதற்குக் குறைந்த அளவும் உள்ளவை) பிடித்தேன். ஒவ்வொரு ஃபில்டரும் 24 மணி நேரம் ஓடியது. பிறகு இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் தண்ணீரில் கரைத்து, கரைந்த அயனிகளைப் பிரித்து அளக்கும் அயனி குரோமடோகிராஃபிக்குக் கொடுத்தேன். மற்ற பாதி எக்ஸ்பிஎஸ்ஸுக்குப் போனது (வெற்றிட அறையில் சாம்பிள்மேல் எக்ஸ் கதிர் பாய்ச்சி, வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை வைத்து மேற்பரப்பில் என்ன இருக்கிறது என்று சொல்லும் கருவி).

கரைசலில் குளோரைடு, நைட்ரேட், அம்மோனியம், சல்ஃபேட் நான்கும் நிறைய இருக்கின்றன. தில்லிப் பனிக்காலத்தில் எதிர்பார்த்ததுதான். எக்ஸ்பிஎஸ் வேறு கதை சொல்கிறது. சல்ஃபேட்டின் கந்தக பீக் (வரைபடத்தில் எழும் முகடு) 169 எலக்ட்ரான் வோல்ட்டில் அழகாக நிற்கிறது. 407-இல் வர வேண்டிய நைட்ரேட் இல்லவே இல்லை. 402 பக்கம் அம்மோனியம் கொஞ்சம், 400 பக்கம் வேறு ஏதோ நைட்ரஜன். குளோரின் பீக் இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடக்கிறது.

என் கைடு சொல்வது இது: எக்ஸ்பிஎஸ் மேலே உள்ள பத்து நானோமீட்டருக்குள்தான் பார்க்கும், அங்கே குளோரைடு இல்லையென்றால் அது துகளின் உள்ளே இருக்கிறது, சல்ஃபேட் மேலே போர்த்தியிருக்கிறது. "இதையே ஒரு அத்தியாயமாக எழுதிவிடு" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

ஈரோடு_மணி · பிப்ரவரி 11, இரவு 11.15

நான் பள்ளியில் வேதியியல் நடத்துபவன், இந்தக் கருவியைப் பார்த்தது கிடையாது. ஒரு அடிப்படைக் கேள்வி. தண்ணீரில் கரைத்தால் மொத்தமும் தெரிந்துவிடுகிறது. அப்புறம் மேற்பரப்பை மட்டும் தனியாக ஏன் பார்க்க வேண்டும்?

நிறமாலை · பிப்ரவரி 12, காலை 6.50

மணி சார், சீரக மிட்டாயை வாயில் போட்டால் நாக்குக்கு முதலில் தெரிவது சர்க்கரைதான், சீரகம் பிறகுதான். நுரையீரலின் ஈரமான சுவரும் அப்படித்தான், துகளின் வெளித்தோலைத்தான் முதலில் தொடுகிறது. மேகத்துளி உருவாகும்போது நீராவி ஒட்டுவதும், ஓசோனும் நைட்ரிக் அமிலமும் வந்து வினைபுரிவதும் அதே தோலில்தான்.

இன்னொன்று, துகள் சிறியதாக ஆக அதன் உடம்பில் தோலின் பங்கு கூடுகிறது. மேலிருந்து 5 நானோமீட்டர் ஆழத்தைத் தோல் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மைக்ரான் விட்டமுள்ள உருண்டையில் அது கன அளவில் 0.3 சதவீதம். 2.5 மைக்ரானில் 1.2 சதவீதம். 100 நானோமீட்டர் துகளில் 27 சதவீதம்! டீசல் புகையின் நுண்துகள்கள் பல இந்த அளவில்தான் இருக்கின்றன. அங்கே கால்வாசிக்கு மேல் தோல்தான்.

மின்னணு நுண்ணோக்கியில் தனிம ஆய்வு செய்தாலும் இது கிடைக்காது. அந்த எலக்ட்ரான் கற்றை ஒரு மைக்ரான் அளவுக்கு ஆழமாக இறங்கிவிடும், சின்னத் துகளை ஊடுருவி ஃபில்டரையும் சேர்த்துப் படிக்கும். எக்ஸ்பிஎஸ்ஸில் எக்ஸ் கதிர் ஆழமாகப் போனாலும், தட்டி எழுப்பிய எலக்ட்ரான் ஆற்றலை இழக்காமல் வெளியே வர முடிவது மேலடுக்கிலிருந்து மட்டும்தான்.

தாமிரபரணியின் கேள்விக்கு மாலையில் வருகிறேன்.

கடற்கரை_காற்று · பிப்ரவரி 12, காலை 9.05

கைடு சொல்வதைச் சட்டென்று தள்ளிவிட வேண்டாம் தங்கச்சி. பழைய துகளின் மேல் புதிதாக சல்ஃபேட்டோ கரிமப் பொருளோ படிவது நன்றாகத் தெரிந்த விஷயம். புகைக்கரித் துகளின் மேல் போர்வை ஏறுவதை நுண்ணோக்கிப் படங்களிலேயே பார்க்கலாம்.

வெற்றிடத்தில் நைட்ரேட் போய்விட்டது என்று யாராவது சொல்வார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் சென்னையில் கடற்கரையோரம் பிடித்த துகள்களை இதே வகைக் கருவியில்தான் போட்டேன். 407-இல் நைட்ரேட் தெளிவாக வந்தது. மறுநாளும் இருந்தது. வெற்றிடம் நைட்ரேட்டைத் தின்றுவிடும் என்றால் என்னுடையது எப்படித் தப்பியது?

வெற்றிடக்_குழாய் · பிப்ரவரி 12, பிற்பகல் 1.30

எக்ஸ்பிஎஸ் கருவியை இயக்குவதே என் வேலை, 14 வருடமாக. கடற்கரை அண்ணாவின் கேள்வியிலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நைட்ரேட் என்று ஒரே ஒரு பொருள் கிடையாது. அது யாரோடு சேர்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. கடலோரத்தில் உப்புத் துகள் நைட்ரிக் அமிலத்தைச் சந்தித்தால் சோடியம் நைட்ரேட் ஆகிறது, குளோரின் ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறிவிடுகிறது. சுண்ணாம்புத் தூசி சந்தித்தால் கால்சியம் நைட்ரேட். இரண்டும் வெற்றிடத்தில் அசையாத உப்புகள், உங்கள் துகள்கள் அந்த வகை. தில்லியில் குளிர்காலத்தில் நுண்துகளில் இருக்கும் நைட்ரேட்டில் பெரும்பகுதி அம்மோனியம் நைட்ரேட். குளோரைடில் பெரும்பகுதி அம்மோனியம் குளோரைடு. இவை இரண்டும் சாதாரண வெப்பநிலையிலேயே அம்மோனியாவாகவும் அமிலமாகவும் பிரிந்து வாயுவாகிவிடக் கூடியவை. வெளியே சுற்றிலும் அந்த வாயுக்கள் இருப்பதால் போவதும் வருவதும் சமமாகி, உப்பு நிலைத்து நிற்கிறது. எங்கள் அறையின் அழுத்தம் வளிமண்டலத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அங்கே போன வாயு திரும்பி வராது, பம்ப் இழுத்துவிடும்.

அம்மோனியம் சல்ஃபேட் மட்டும் தாங்கும், அம்மோனியாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். தங்கச்சிக்கு சல்ஃபேட்டும் கொஞ்சம் அம்மோனியமும் மட்டும் தெரிவதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

ஒரு கேள்வி: சாம்பிளை உள்ளே போட்டு எவ்வளவு நேரம் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள்?

தாமிரபரணி · பிப்ரவரி 12, பிற்பகல் 2.10

முந்தைய நாள் சாயங்காலமே உள்ளே போட்டு இரவு முழுக்க பம்ப் ஓடவிட்டிருக்கிறார்கள் அண்ணா. நிறையப் பேருடைய சாம்பிள்களை ஒன்றாக ஏற்றுவார்கள்.

வெற்றிடக்_குழாய் · பிப்ரவரி 12, பிற்பகல் 2.25

அப்படியானால் நீங்கள் பார்த்தது தில்லித் துகளின் மேற்பரப்பு அல்ல. ஓர் இரவு வெற்றிடத்தில் கிடந்த பிறகு மிஞ்சியதன் மேற்பரப்பு.

இன்னொன்றையும் கவனியுங்கள். எக்ஸ்பிஎஸ் அட்டவணையில் வருவது அணுச் சதவீதம். சதவீதம் என்றால் பங்கு. நாலு பேர் பங்கு போடும் இடத்தில் இரண்டு பேர் எழுந்து போனால் மற்ற இருவரின் பங்கு தானாகவே கூடும். சல்ஃபேட் மேலே வந்து போர்த்திக்கொண்டது போலத் தெரிவதில் ஒரு பகுதி இந்தக் கணக்கினால் வந்ததாகவும் இருக்கலாம்.

பழைய_மாணவன் · பிப்ரவரி 12, மாலை 5.45

இந்த இழையைப் படித்ததும் எனக்கு 1970கள் ஞாபகம் வருகிறது. எக்ஸ்பிஎஸ்ஸை உருவாக்கிய கை சீக்பானுக்கு நோபல் கிடைத்தது 1981-இல். அதற்குப் பத்து வருடம் முன்னாலேயே, கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் திஹோமிர் நோவகோவ் இந்தக் கருவியில் ஊர்க்காற்றின் தூசியை வைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அவர் எடுத்தது பசதேனாவின் புகைமூட்டம். அதுவரை காற்றுத் துகளில் நைட்ரஜன் என்றால் அம்மோனியம், நைட்ரேட் இரண்டோடு பேச்சு முடிந்துவிடும். அமீன் போன்ற, ஒடுக்கப்பட்ட நிலையிலுள்ள வேறு நைட்ரஜன் சேர்மங்களும் துகளில் ஒட்டியிருக்கின்றன என்று அவர் காட்டினார். தாமிரபரணிக்கு 400 பக்கம் வரும் "வேறு ஏதோ நைட்ரஜன்" அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். அதைக் குப்பை என்று ஒதுக்கிவிடாதீர்கள் அம்மா.

1974-இல் அவரும் சகாக்களும் இன்னொன்றையும் எழுதினார்கள். புகைக்கரியின் மேற்பரப்பே வினையூக்கியாக நின்று கந்தக டைஆக்சைடை சல்ஃபேட்டாக மாற்ற முடியும் என்பது அது. கரி என்பது வெறும் கரி, வினை எதிலும் சேராமல் சும்மா கிடப்பது என்ற எண்ணத்தை அது அசைத்தது. இப்போது எல்லோரும் சொல்லும் "கறுப்புக் கார்பன்" என்ற பெயர் புழக்கத்துக்கு வந்ததிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆவியாகும் உப்புகள் வெற்றிடத்தில் காணாமல் போவது அந்தக் காலத்திலிருந்தே இந்தத் துறையில் தெரிந்த சிக்கல். ஆனாலும் ஒவ்வொரு தலைமுறை மாணவரும் அதில் ஒருமுறை போய் மாட்டிக்கொள்கிறார். கருவி அச்சடித்துத் தரும் அட்டவணை அவ்வளவு நம்பிக்கையோடு இருக்கிறது.

ஈரோடு_மணி · பிப்ரவரி 12, இரவு 8.20

அம்மோனியம் குளோரைடு என்றால் நம் நவச்சாரம்தானே! சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுபவர் வருவார். பித்தளை அண்டாவைக் கரி அடுப்பில் சூடேற்றி, நவச்சாரப் பொடியைத் துணியில் தொட்டு உள்ளே தேய்ப்பார். குப்பென்று வெள்ளைப் புகை வரும், மூக்கைக் குத்தும். ஈயம் அதற்குப் பிறகுதான். சூட்டில் அம்மோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடுமாகப் பிரிந்து, மேலே ஆறிய காற்றில் மறுபடி சேர்ந்து வெள்ளைத் துகளாகிறது என்று வகுப்பில் நடத்துகிறேன். தில்லியில் நடப்பதும் இதுதானா?

நிறமாலை · பிப்ரவரி 12, இரவு 9.30

அதேதான் சார். இதைவிட நல்ல உதாரணம் நானும் சொல்லியிருக்க முடியாது. அண்டாவுக்குப் பதில் ஊர், அடுப்புக்குப் பதில் பகல் வெயில். பிளாஸ்டிக் கலந்த குப்பை எரிவதிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் ஹைட்ரஜன் குளோரைடு வருகிறது. வயல்களும் கால்நடைகளும் சாக்கடைகளும் அம்மோனியா தருகின்றன. இரவில் குளிர்ந்து ஈரப்பதம் ஏறும்போது இரண்டும் சேர்ந்து துகளாகின்றன, நடுப்பகலில் பிரிந்து வாயுவாகின்றன. அதனால்தான் தில்லியில் குளோரைடு விடியற்காலையில் உச்சத்தில் நிற்கிறது. இப்படிச் சேர்ந்த உப்பு தண்ணீரை இழுத்துப் பருத்து, பார்வைத் தூரத்தைக் குறைப்பதை 2021-இல் சென்னை ஐஐடியின் சச்சின் குந்தே குழு நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் விளக்கியது.

தாமிரபரணி, இதில் உங்களுக்கு நேராக ஒரு சிக்கல் இருக்கிறது. 24 மணி நேர ஃபில்டரில் இரவில் படிந்த நவச்சாரம், மறுநாள் மதியம் அதே ஃபில்டர் வழியாகச் சூடான காற்று ஓடும்போது ஓரளவு போயிருக்கும். வெற்றிடத்துக்குப் போகுமுன்பே ஒரு இழப்பு. அடுத்த முறை இரவுக்கு ஒரு ஃபில்டர், பகலுக்கு ஒரு ஃபில்டர் என்று பிரியுங்கள்.

சல்ஃபேட் போர்வைக் கருத்தில் எனக்கு வேறொரு தயக்கம் உண்டு. அம்மோனியம் நைட்ரேட் 62 சதவீத ஈரப்பதத்தில் தானாகக் கரைந்து துளியாகிறது. அம்மோனியம் குளோரைடு 77-இல், அம்மோனியம் சல்ஃபேட் 80-இல். மூன்றும் கலந்திருந்தால் அதற்கும் கீழேயே கரையத் தொடங்கும். தில்லியின் ஜனவரி விடியலில் ஈரப்பதம் 90-ஐத் தாண்டுவது சாதாரணம். உப்புகள் எல்லாம் ஒரே துளியில் கரைந்து கிடக்கும்போது, உள்ளே குளோரைடு வெளியே சல்ஃபேட் என்ற அடுக்கு எப்படி நிற்கும்? கரிமப் படலம் வெளியே ஒதுங்கலாம், அது வேறு. கரைந்த நிலையில் உப்புக்குள் உப்பு அடுக்கு நிற்க வழியில்லை.

கடற்கரை_காற்று · பிப்ரவரி 13, காலை 7.40

ஒத்துக்கொள்கிறேன். என் சாம்பிளின் சோடியம் பீக்கை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சோடியம் நிறைய, குளோரின் அதற்கு ஈடாக இல்லை. வெற்றிடக்_குழாய் சொன்னதுபோல நைட்ரேட் வந்து குளோரைடை விரட்டியிருக்கிறது. என் நைட்ரேட் தப்பியதை வைத்து தில்லியின் நைட்ரேட்டைப் பற்றிப் பேசியது தவறு.

வெற்றிடக்_குழாய் · பிப்ரவரி 13, காலை 10.15

சரி, இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம். என் அனுபவத்தில் முதலில் செய்ய வேண்டியது ஒரு எளிய சோதனை. கடையில் வாங்கிய சுத்தமான அம்மோனியம் குளோரைடு, அம்மோனியம் நைட்ரேட், அம்மோனியம் சல்ஃபேட் மூன்றையும் மெல்லிய படிவாக எடுத்து, உங்கள் ஃபில்டருக்குச் செய்ததையே செய்யுங்கள். ஓர் இரவு பம்ப், காலையில் ஸ்கேன். எது காணாமல் போகிறது என்று கைடும் கண்ணாலேயே பார்க்கட்டும். வாதமே தேவைப்படாது.

அடுத்தது துகளைப் பிடிக்கும் தளம். மேற்பரப்பு ஆய்வுக்கு டெஃப்லான் ஃபில்டர் எனக்குப் பிடிக்காது. ஃப்ளோரின் பீக் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். டெஃப்லானின் கார்பன் பீக் 292 பக்கம் வரும். குப்பையும் விறகும் எரிந்ததைக் காட்டிக்கொடுக்கும் பொட்டாசியம் 293-இல் உட்கார்ந்திருக்கும், அதை அந்தக் கார்பன் பீக் மூடிவிடும். 296-இல் இருக்கும் பொட்டாசியத்தின் சின்ன பீக்கை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். குவார்ட்ஸ் ஃபில்டரில் துகள்கள் நாருக்குள் புதைந்துவிடும், நீங்கள் பார்ப்பது சிலிக்காவைத்தான். சிலிக்கான் தகட்டில் பிடித்தால் சிலிக்கானின் துணைப் பீக் ஒன்று சரியாக 168 பக்கம் வந்து சல்ஃபேட்டோடு குழப்பும். வெள்ளிச் சவ்வு குளோரைடு தேடுபவர்களுக்கு ஆகவே ஆகாது, குளோரினோடு தானே வினைபுரியும். இம்பாக்டரில் (காற்றை வேகமாகத் தகட்டில் மோதவிட்டுத் துகளைப் பிடிக்கும் கருவி) இண்டியம் என்ற மென்மையான உலோகத் தகடு அல்லது தங்கம் பூசிய தகடு வைத்துப் பிடியுங்கள். துகள்கள் அளவுவாரியாகப் பிரிந்தும் கிடைக்கும்.

மூன்றாவது குளிர். திரவ நைட்ரஜனால் குளிர்விக்கும் மேடை உள்ள கருவியைத் தேடுங்கள். பம்ப் தொடங்கும் முன்பே சாம்பிள் குளிர்ந்திருக்க வேண்டும், பிறகு குளிர்வித்துப் பயனில்லை. உலர்ந்த நைட்ரஜன் பைக்குள் வைத்து ஏற்றுங்கள். இல்லையென்றால் காற்றிலுள்ள ஈரம் சாம்பிள்மேல் பனிக்கட்டியாகப் படிந்து, பனியின் மேற்பரப்பை அளந்துகொண்டிருப்பீர்கள்.

நைட்ரேட்டை முதலில் ஸ்கேன் செய்யுங்கள், சீக்கிரம் முடியுங்கள். எக்ஸ் கதிரே நைட்ரேட்டை நைட்ரைட்டாக ஒடுக்கும். 407 குறைந்து 404 பக்கம் ஒன்று முளைத்தால் அது கதிரின் வேலை. ஆர்கான் அயனியால் செதுக்கி ஆழம் பார்க்கும் ஆசையும் வேண்டாம். கரடுமுரடான துகளில் ஒரு பக்கம் செதுக்கப்பட்டு மறுபக்கம் நிழலில் நிற்கும்.

தாமிரபரணி · பிப்ரவரி 13, இரவு 11.50

எல்லோருக்கும் நன்றி. மனசு ஏன் ஒப்பவில்லை என்பது இப்போது எனக்கே புரிகிறது. சோதனை உப்புகளை நாளைக்கே தயார் செய்கிறேன். இம்பாக்டரைக் கடன் வாங்க முடியும், குளிர் போவதற்குள் சில இரவுகளாவது பிடித்துவிட வேண்டும்.

தாமிரபரணி · ஏப்ரல் 19, மாலை 6.05

மன்னியுங்கள், இவ்வளவு நாள் ஆகிவிட்டது. குளிர்மேடை உள்ள கருவியில் நேரம் கிடைக்கவே ஐந்து வாரம் காத்திருந்தேன்.

சோதனை உப்புகளை இண்டியம் தகட்டில் வைத்தேன். ஓர் இரவு பம்ப் ஓடியதும் அம்மோனியம் குளோரைடும் அம்மோனியம் நைட்ரேட்டும் இருந்த இடத்தில் இண்டியத்தின் பீக் பளிச்சென்று தெரிந்தது. சல்ஃபேட் அப்படியே இருந்தது. கைடைக் கூட்டிப்போய்த் திரையில் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த அத்தியாயத்தை நிறுத்திவை, இதை முதலில் எழுது" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிப்ரவரிக் கடைசியில் இண்டியம் தகட்டில் இரவு மட்டும் பிடித்த துகள்களை உறைகுளிரிலேயே கொண்டுபோய்க் குளிரவைத்து ஏற்றினோம். நைட்ரேட் 407-இல் இருந்தது. குளோரின் இரைச்சலுக்கு மேலே நன்றாக எழுந்து நின்றது. அறைக்குள்ளேயே மெதுவாகச் சூடாக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்தோம். குளோரின், நைட்ரேட், அம்மோனியம் மூன்றும் சேர்ந்து இறங்கின. சல்ஃபேட்டின் சதவீதம் ஏறிக்கொண்டே வந்தது, புதிதாக ஒரு துளி சல்ஃபேட் கூட வராமலேயே. பங்குக் கணக்கு என்று அண்ணா சொன்னது அப்படியே கண் முன்னால் நடந்தது.

அறை வெப்பநிலைக்கு வந்த பிறகும் கொஞ்சம் குளோரின் போகாமல் நின்றது. டெஃப்லான் தொல்லை இல்லாததால் 293-இல் பொட்டாசியமும் தெளிவாகத் தெரிந்தது. நின்ற குளோரின் பொட்டாசியம் குளோரைடாக இருக்கும் என்று நினைக்கிறேன். 1022-இல் துத்தநாகமும் கொஞ்சம் இருப்பதால் துத்தநாக குளோரைடையும் தள்ளிவிட முடியவில்லை. இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

பழைய_மாணவன் · ஏப்ரல் 19, இரவு 8.30

ரொம்ப சந்தோஷம் அம்மா. துத்தநாகமும் குளோரினும் சேர்ந்து வருவதைக் கவனிப்பது நல்லது. 2006-இல் மெக்சிகோ நகரத்தில் நடந்த பெரிய கள ஆய்வின்போது, தொழிற்பேட்டைப் பக்கம் துத்தநாகம், ஈயம், குளோரின் மூன்றும் ஒரே துகளில் இருப்பதைப் பார்த்தார்கள். அந்தத் துகள் காற்றில் வயதாக ஆகக் குளோரைடு போய் அந்த இடத்தில் நைட்ரேட் ஏறுகிறது. 138-லிருந்து 139 வரை ஈயத்தின் பீக் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிறமாலை · ஏப்ரல் 19, இரவு 9.10

எக்ஸ்பிஎஸ் கற்றை ஒரே நேரத்தில் லட்சக்கணக்கான துகள்களைச் சேர்த்துப் பார்ப்பதால், எந்தக் குளோரின் எந்த உலோகத்தோடு இருக்கிறது என்று அதில் மட்டும் தெரியாது. மிஞ்சிய அதே தகட்டை ஊடுருவு மின்னணு நுண்ணோக்கிக்குக் கொடுக்க முடியாது, அதற்கென்று உள்ள மெல்லிய சல்லடைத் தகட்டில் தனியாகப் பிடிக்க வேண்டும். டாஃப் சிம்ஸ் (அயனிக் கற்றையால் மேற்பரப்பைத் தட்டி, தெறிக்கும் அயனிகளை நிறைவாரியாக அளக்கும் கருவி) கிடைத்தால் இன்னும் நல்லது. மேல் ஒன்றிரண்டு நானோமீட்டரை மட்டும் பார்த்து, துகள் துகளாக வரைபடம் தரும். அளவுகளை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள், பக்கத்தில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் சமிக்ஞை ஏறும் இறங்கும்.

வெற்றிடக்_குழாய் · ஏப்ரல் 20, காலை 9.20

ஈயத்தைப் பார்க்குமுன் ஒன்று. சூடாக்கும்போது எடுத்த எல்லா ஸ்கேனையும் வைத்திருக்கிறீர்கள்தானே? ஒவ்வொன்றிலும் குளோரின் பீக்கின் இடம் நகர்ந்திருக்கிறதா என்று இண்டியத்தை வைத்துச் சரிசெய்து பாருங்கள். வழக்கமாக அளவுகோலாக வைக்கும் 284.8 கார்பன் பீக்கை வைத்துச் சரிசெய்யாதீர்கள், உங்கள் சாம்பிளில் பாதிக் கார்பன் புகைக்கரி, அது 284.5 பக்கம் வரும். வரைபடங்களை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

தாமிரபரணி · ஏப்ரல் 20, காலை 9.45

எல்லாம் இருக்கிறது அண்ணா. நான் கார்பனை வைத்துத்தான் சரிசெய்திருந்தேன். இண்டியத்துக்கு மாற்றிவிட்டு இன்று இரவே போடுகிறேன்.